புற்றுக்காளானில் கறியை விடச் சத்தா? – வாசகர் கேள்வி பதில்

நம் பர்மாவில் மழை விடாமல் பெய்கிறது, பெகு சாலை ஓரமெல்லாம் மூங்கில் கூடையும் தேக்கிலையுமாகப் புற்றுக்காளான் வந்து உட்கார்ந்துவிட்டது, நமக்கு வந்த கடிதங்களிலும் இந்த முறை பாதிக்கு மேல் காளான்தான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டார்கள், அதனால் ஊர் மட்டும்.

அக்கா, ஆடி மாதம் முழுக்க எங்கள் வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. "புற்றுக்காளானில் கறியை விட அதிகப் புரதம்" என்று ஒரு படம் பேஸ்புக்கில் சுற்றுகிறது. அதைப் பார்த்துவிட்டு என் மாமியார், பிள்ளைகளுக்குக் காளான் கொடுத்தாலே போதும், பருப்புக்கும் பாலுக்கும் ஏன் தனியாகச் செலவு என்கிறார். பெரியவனுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு ஐந்து. போதுமா? – ஒரு தாய், பெகு

போதாது தங்கச்சி. நான் சொன்னதாகவே மாமியாரிடம் சொல்லுங்கள், திட்டு என்னோடு போகட்டும்.

அந்தப் படம் எனக்கும் நாலு பேரிடமிருந்து வந்தது. அதில் போட்டிருக்கும் எண் பொய் என்று சொல்ல மாட்டேன், கணக்குப் போட்ட விதம்தான் கோளாறு. காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். நூறு கிராம் பச்சைக் காளானை எடுத்தால் தொண்ணூறு கிராம் போலத் தண்ணீரிலேயே போய்விடும், மிச்சமுள்ள பத்துக் கிராமுக்குள்தான் புரதம், நார், தாதுச்சத்து எல்லாமே. புரதம் மட்டும் என்று பார்த்தால் இரண்டிலிருந்து நாலு கிராம் வரை, வகையைப் பொறுத்து. படம் போட்டவர் என்ன செய்திருக்கிறார் என்றால், காய்ந்த காளானின் எண்ணை (நூறு கிராமுக்கு 20, 25 கிராம்) எடுத்துப் பச்சைக் கறியின் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அந்த நூறு கிராம் காய்ந்த காளானுக்கு ஒரு கிலோ பச்சைக் காளான் வேண்டும். நம் சந்தை அளவில் அரை வீசைக்கும் மேலே (ஒரு வீசை 1.6 கிலோ). அதை யார் ஒரு வேளையில் சாப்பிடுவது?

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. உணவில் எவ்வளவு நைட்ரஜன் இருக்கிறது என்று அளந்து, அதை 6.25 ஆல் பெருக்கிப் புரதம் இவ்வளவு என்று எழுதுவது வழக்கம். கறிக்கு அது சரியாகவே வரும். காளானுக்கு வராது, ஏனென்றால் காளானின் உடம்புச் சுவரே கைட்டின் என்ற பொருளால் ஆனது (இறால் ஓடும் அதேதான்), அதிலும் நைட்ரஜன் உண்டு, ஆனால் அது நமக்குப் புரதமாகச் சேராது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் காளானுக்கு மட்டும் 4.38 ஆல் பெருக்குகிறார்கள். படத்தில் 25 என்று இருந்தால் உண்மையில் பதினேழு, பதினெட்டுதான் தேறும்.

விரத வீட்டில் முட்டைப் பேச்சு எடுப்பதற்கு மன்னிக்கவும், அளவு புரிவதற்காகச் சொல்கிறேன்: ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம். அதே ஆறு கிராமுக்குக் கால் கிலோ காளான் தேவைப்படும். உங்கள் சின்னவளுக்கு ஒரு நாளைக்கு இருபது கிராம் போல வேண்டும், காளானிலிருந்து மட்டும் என்றால் முக்கால் கிலோவுக்குக் குறையாது. ஐந்து வயதுக் குழந்தையின் வயிறு எவ்வளவு பெரியது, சொல்லுங்கள். அதற்குப் பதில் காலையில் வாசலில் கூவிக்கொண்டு வருகிறாளே பேப்யோக்காரி, அந்த அவித்த பயறு நூறு கிராமில் ஏழெட்டுக் கிராம் புரதம் இருக்கிறது, விலையும் காளானை விட மிகக் குறைவு.

இதையெல்லாம் படித்துவிட்டுக் காளானே வேண்டாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். புரதம் கொஞ்சமாக இருந்தாலும் தரமானது, அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் காளானில் நன்றாகவே இருக்கிறது, ஆகவே சோற்றோடு சேர்ந்தால் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும். கொழுப்பு அரைக் கிராம்கூட இருக்காது. பி வகை வைட்டமின்களில் இரண்டாவதும் மூன்றாவதும் காய்கறிகளில் தேடினாலும் இவ்வளவு கிடைக்காது. கடையில் பெட்டியில் வரும் பச்சை மொட்டுக் காளானையே எடுத்துக்கொள்ளுங்கள், நூறு கிராம் சாப்பிட்டால் ஒரு நாளைக்கு வேண்டிய பி2-வில் மூன்றில் ஒரு பங்கு வந்துவிடும், செம்புச்சத்திலும் அதே அளவு. காட்டுக்காளானில் மண்ணுக்கும் வகைக்கும் தகுந்தபடி கூடும் குறையும். ஆக பருப்புக்குழம்பும் வையுங்கள், பாலும் கொடுங்கள், காளானை அதன் பக்கத்தில் பொரியலாக வையுங்கள்.

காளான் சைவமா, அசைவமா? எங்கள் கோவில் திருவிழாவில் சமைக்கலாமா என்று பெரிய வாக்குவாதமே நடந்துவிட்டது. – மோல்மேன்

செடியும் இல்லை, விலங்கும் இல்லை, தனி இனம். உயிரியல்காரர்களைக் கேட்டால் செடியை விட விலங்குக்குத்தான் கிட்டத்துச் சொந்தம் என்பார்கள், அதைக் கமிட்டியில் சொன்னால் வாக்குவாதம் இன்னும் முற்றும். யாரையும் கொல்லவில்லை, ரத்தம் இல்லை என்று சாப்பிடுகிறவர்களும் உண்டு, அழுக்கில் முளைப்பது என்று ஒதுக்குகிற வீடுகளும் உண்டு. ஊர்ப் பொதுச் சமையலில் நாலு பேர் தயங்கினாலும் தவிர்த்துவிடுவது நல்லது, கோவில் பணத்தில் காளான் வாங்கியா ஆகவேண்டும்? கத்தரிக்காய் இருக்கிறதே.

நான் பிறந்ததிலிருந்து சைவம். கால் எரிச்சல், களைப்பு. பி12 குறைவு என்று டாக்டர் சொன்னார். காளானில் பி12 உண்டு, டி வைட்டமினும் உண்டு என்று தங்கை சொல்கிறாள். மாத்திரைக்குப் பதில் காளான் சாப்பிடலாமா? – ரங்கூன்

தங்கை சொன்னதில் பாதி சரி. பி12 சில காளான்களில் இருக்கிறது என்பது உண்மை, ஆனால் பேருக்குத்தான். உங்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 2.4 மைக்ரோகிராம், அதைக் காளானில் எட்டிப்பிடிக்க முடியாது. கால் எரிச்சல் வரைக்கும் வந்துவிட்டது என்றால் நரம்பு சம்பந்தப்பட்டது, தள்ளிப்போட்டால் திரும்பாத சேதம்கூட வரலாம், டாக்டர் கொடுத்த மாத்திரையோ ஊசியோ அதை ஒழுங்காக எடுங்கள். பாலும் தயிரும் கூடவே இருக்கட்டும்.

டி விஷயத்தில் தங்கைக்கு முழு மதிப்பெண். நம் தோலில் வெயில் பட்டு டி உண்டாவது போலவே காளானிலும் உண்டாகும், எர்கோஸ்டெரால் என்று ஒரு பொருள் அதில் இருக்கிறது, வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் அது டி2 ஆக மாறிவிடும். வெட்டவெளியில் முளைத்த காளானில் ஏற்கனவே கொஞ்சம் இருக்கும், இருட்டு அறையில் வளர்த்ததில் அநேகமாக ஒன்றுமே இருக்காது. ஆனால் வாங்கி வந்த பிறகும் ஏற்றிக்கொள்ளலாம் என்பதுதான் இதில் அழகு! காளானை நறுக்கி, அடிப்பக்கத்து மடிப்புகள் மேலே பார்க்கும்படி முறத்தில் பரப்பி, உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் வைத்தால் நூறு கிராமுக்குப் பத்து மைக்ரோகிராமுக்கு மேல் ஏறிவிடும், பெரியவர்களுக்கு ஒரு நாளைத் தேவையே பதினைந்துதான். மழைக்காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள், மேகம் விலகும் அரைமணி நேரமும் வீண் போகாது. கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே வைத்தால் மட்டும் பயனில்லை, அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

அம்மா, நான் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவன், வயது 71. வைக்கோல் போரிலும் புற்றிலும் முளைக்கும் காளானைச் சிறு வயதிலிருந்து பறித்துச் சாப்பிடுகிறோம். வெள்ளிக் கரண்டி போட்டுக் கொதிக்க வைப்போம், கறுத்தால் விஷம். பூண்டு போட்டும் பார்ப்போம், அரிசி போட்டும் பார்ப்போம். பூச்சி தின்ற காளான் நல்லது என்று என் தாயார் சொல்வார். இப்போது பேரன் இதெல்லாம் மூடநம்பிக்கை என்கிறான். யார் சொல்வது சரி? – தன்பியூசயாட் பக்கம்

ஐயா, பேரன் சொல்வதுதான் சரி. நீங்கள் எழுபத்தொரு வயது வரை நலமாக இருப்பது வெள்ளிக் கரண்டியால் நடக்கவில்லை, எந்தக் காளான் எங்கே முளைக்கும் என்று உங்கள் கண்ணுக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான். கரண்டி கறுப்பது கந்தகத்தால், விஷத்துக்கும் அதற்கும் ஒட்டு உறவு இல்லை. பூண்டும் அரிசியும் அதே கதை. பூச்சி, நத்தை, மாடு எது தின்றாலும் அதன் வயிறு வேறு, நம் ஈரல் வேறு.

கொல்லும் காளான்களில் பெரிய பெயர் அமானிட்டா. அதிலுள்ள அமாட்டாக்சின் என்ற விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது, காயவைத்து ஒரு வருஷம் கழித்துச் சமைத்தாலும் இருக்கும். ருசி மோசமாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம், தப்பிப் பிழைத்தவர்கள் நல்ல ருசி என்றே சொல்லியிருக்கிறார்கள். சாப்பிட்டவுடன் ஒன்றும் தெரியாது. ஆறு மணி நேரம், சில பேருக்கு ஒரு நாள் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் ஆரம்பிக்கும், அதற்குள் காளானை மறந்து வேறு எதையோ சாப்பிட்டதால் என்று நினைத்துவிடுவார்கள். பிறகு இரண்டாம் நாள் வாக்கில் எல்லாம் நின்று, ஆள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிப்பார். அந்த நேரத்தில்தான் உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். மூன்றாம் நாள், நாலாம் நாள் மஞ்சள் பூத்து மயக்கம். ஆகவே காளான் சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்குப் பிறகு வாந்தி வந்தால், நடுவில் நன்றாக ஆகிவிட்டதே என்று வீட்டில் இருக்கவே கூடாது, மிச்சக் குழம்பையும் சமைக்காத காளான் இருந்தால் அதையும் பையில் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும், கூடச் சாப்பிட்ட எல்லோரையும் கூட்டிக்கொண்டு. முன்னதாகவே வந்தால் பெரும்பாலும் வேறு வகை, ஆனாலும் போங்கள்.

உங்கள் வைக்கோல் காளான் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கவலை அங்கேதான். வைக்கோல் காளான் மொட்டாக இருக்கும்போது முட்டை மாதிரி ஒரு பைக்குள் இருக்கும், விரிந்த பிறகு அந்தப் பை கிழிந்து அடியில் கிண்ணம் போல நிற்கும். அமானிட்டாவும் அச்சாக அப்படியே முட்டையாகக் கிளம்பி, அடியில் கிண்ணம் வைத்திருக்கும். அமெரிக்காவுக்குப் போய்க் குடியேறிய லாவோஸ்காரர்கள் ஊரில் பறித்துப் பழகிய வைக்கோல் காளான்தானே என்று அங்கே அமானிட்டாவைப் பறித்துச் சாப்பிட்டு மாண்டுபோயிருக்கிறார்கள். அனுபவசாலிகள்தான் எல்லோரும். விரிந்த வைக்கோல் காளானின் தொப்பியை நிறமில்லாத கண்ணாடித் தட்டில் ஓர் இரவு கவிழ்த்து வைத்தால் இளஞ்சிவப்பாகப் பொடி விழும், அமானிட்டாவில் வெள்ளைப் பொடி. ஆனால் மொட்டில் இந்தச் சோதனை செய்ய முடியாது, நமக்கோ மொட்டுதான் ருசி! அதனால் நீங்களே போட்ட வைக்கோல் போரில் முளைத்ததை மட்டும் எடுங்கள், மரத்தடியில் மண்ணிலிருந்து கிளம்பும் வெள்ளை முட்டையைத் தொடவே வேண்டாம்.

புற்றுக்காளான் விஷயத்தில் கொஞ்சம் தைரியமாக இருக்கலாம். தொப்பியின் நடுவில் குமிழ் போல ஒரு கூர் இருக்கும், அதை வைத்துத்தான் மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வரும், காம்பைத் தோண்டிக்கொண்டே போனால் வேர் மாதிரி நீண்டு கறையான் கூட்டுக்குள்ளேயே போய் முடியும். பர்மியர் வைத்த பெயரே அதுதானே, தவுங்போ மோ, புற்றின் காளான். வேரோடு தோண்டாமல் மேலாகக் கிள்ளி எடுத்தால் இந்த அடையாளம் போய்விடும், கூடை வியாபாரியிடம் வாங்கும்போதும் வேர் நீளமாக இருப்பதைப் பார்த்து வாங்குவது என் வழக்கம். புல்வெளியில் வட்டமாக முளைக்கும் பெரிய வெள்ளைக் குடை வேறு, முற்றினால் அடி மடிப்பு பச்சை பூக்கும். அது ஆளைக் கொல்வது அரிது, ஆனால் ஒரு நாள் முழுக்க வாந்தி எடுக்க வைக்கும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் சீனாவின் யூனானில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மழைக்காலம் வந்தால் சில மலைக் கிராமங்களில் நல்ல திடகாத்திரமான ஆட்கள் திடீர் திடீரென்று இதயம் நின்று செத்துக்கொண்டிருந்தார்கள், முப்பது வருஷமாக, நூற்றுக்கணக்கில். கடைசியில் பார்த்தால் விரல் அளவு வெள்ளைக் காளான் ஒன்று, 2012-ல்தான் அதற்கு ட்ரோகியா வெனெனாட்டா என்று பெயரே வைத்தார்கள். விலைபோகும் காளானைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, யாரும் வாங்காத அந்தச் சின்னதை வீட்டில் சமைத்திருக்கிறார்கள் ஏழைகள். பல தலைமுறையாகக் காட்டை அறிந்தவர்கள்தான் அவர்களும். பேரனிடம் கோபப்படாதீர்கள் ஐயா, உங்களுக்குத் தெரிந்த இரண்டு மூன்று காளானை அவனுக்குக் கையோடு காட்டிக்கொடுங்கள், கரண்டியை மட்டும் விட்டுவிடுங்கள்.

எனக்குச் சர்க்கரை, பிரஷர். வீட்டுக்காரருக்குக் கிட்னி பலவீனம், யூரிக் அமிலமும் இருக்கிறது. ஷான் சந்தையில் காய்ந்த காளான் வாங்கி வைத்திருக்கிறேன், இருவரும் சாப்பிடலாமா? – தவுஞ்சி

உங்களுக்குத் தாராளமாக. மாவுச்சத்து குறைவு, நூறு கிராம் பச்சைக் காளானில் இருபது முப்பது கலோரிதான், சோற்றில் கால்வாசியைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் காளானைப் போட்டால் சர்க்கரைக்கு நல்லது. இயற்கையாக உப்பும் மிகக் குறைவு. நாம்தான் அதில் சிப்பி சாஸ், ஙப்பி (உப்பிட்ட மீன், இறால் விழுது), மசாலா உப்பு என்று ஊற்றிப் பிரஷரை ஏற்றிவிடுகிறோம். டின்னில் வரும் காளானும் உப்புத் தண்ணீரில்தான் ஊறுகிறது, இரண்டு தடவை அலசுங்கள். சர்க்கரை மாத்திரையைக் காளானை நம்பி நிறுத்தியதாக ஒருவர் எழுதியிருந்தார், அது வேண்டவே வேண்டாம்.

வீட்டுக்காரர் விஷயம் வேறு. காளானில் பொட்டாசியம் அதிகம், எடைக்கு எடை வாழைப்பழத்தோடு போட்டி போடும், காய்ந்ததில் அதுவே பல மடங்கு. பலவீனமான கிட்னிக்கு அதை வெளியேற்றுவது கஷ்டம். யூரிக் அமிலத்துக்குக் காளான் ஈரல், நெத்திலி அளவுக்கு மோசமில்லை, நடுத்தரம். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு, சம்மதித்தால் ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டு மூன்று துண்டு. உங்களுக்கு மட்டும் அந்த ஊறல் தண்ணீரைக் கொட்டாதீர்கள், ருசி முழுக்க அதிலேதான்.

புற்றுக்காளானை எப்படிச் சமைத்தால் சத்து போகாது? போன வாரம் சமைத்து இரண்டு பிள்ளைகளுக்கும் வயிற்றுவலி, வியாபாரி ஏமாற்றிவிட்டாரோ? – பெகு, ரங்கூன், தட்டோன் என்று மூன்று கடிதங்கள்

எனக்கும் நடந்திருக்கிறது. எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும், அப்பா பியே சாலையிலிருந்து ஒரு வீசை புற்றுக்காளானைச் சாக்கில் கொண்டுவந்தார், அம்மா அடுப்பில் வைத்து ஒரு கொதி வந்ததோ இல்லையோ நான் பாதிச் சட்டியைக் காலி செய்துவிட்டேன். இரவு முழுக்க வயிறு உப்பி, உருண்டு அழுதேன். விஷமும் இல்லை, வியாபாரி மேல் குற்றமும் இல்லை, என் பேராசைதான். முன்னே சொன்ன கைட்டின் எளிதில் செரிக்காது, பாதி வெந்தால் இன்னும் மோசம், காளானில் உள்ள ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை சில பேர் வயிற்றுக்கு இயல்பாகவே ஒத்துக்கொள்ளாது. பழைய காளானும் இதைச் செய்யும். காலையில் பறித்தது மாலைக்குள் சட்டிக்குப் போய்விடவேண்டும், பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் வேர்த்து அழுகிவிடும், காகிதமோ இலையோ போதும். வைக்கோல் காளானைக் குளிர்ப்பெட்டியில் வைக்காதீர்கள், அதிகக் குளிரில் அது தானாகவே கரைந்து கொழகொழவென்று ஆகிவிடும்.

மண்ணைத் துணியால் துடைத்து, ஓடும் தண்ணீரில் சட்டென்று அலசுங்கள், ஊறவிடக் கூடாது. பதினைந்து நிமிஷமாவது நன்றாக வேகட்டும். பி வைட்டமின் தண்ணீரில் கரையும், அதனால் வடித்துக் கொட்டாமல் ஹின்ஜோவாகவே (தெளிந்த சூப்) வைத்துக் குடித்துவிடுங்கள், அல்லது வெங்காயம், மஞ்சள், காய்ந்த மிளகாயோடு அதன் தண்ணீர் அதிலேயே வற்றும்வரை வதக்குங்கள். புளிச்சக்கீரையோடு சேர்த்தால் அது தனி ருசி, என் வீட்டில் சோறு போதாமல் போகும். முதல் தடவை சாப்பிடுகிற பிள்ளைக்கு இரண்டு கரண்டிக்கு மேல் வேண்டாம். ரோட்டை ஒட்டிய புழுதியிலும் குப்பைமேட்டிலும் முளைத்ததை விட்டுவிடுங்கள், மண்ணில் உள்ள ஈயம், காட்மியத்தைக் காளான் நன்றாக உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

புற்றுக்காளானை வீட்டில் வளர்க்க முடியுமா? விலையைப் பார்த்தால் ஆசையாக இருக்கிறது. – மாணவன், பியூ

முடியாது தம்பி. கறையான் தன் கூட்டுக்குள் தோட்டம் போட்டு வளர்க்கும் பூஞ்சை அது, கறையான் இல்லாமல் வியாபார அளவில் வளர்க்க இதுவரை யாருக்கும் கைகூடவில்லை. உன் வீட்டில் வைக்கோல் இருந்தால் வைக்கோல் காளான் போடு, நம் ஊர் வெக்கையே அதற்குப் பிடித்தது, வித்து போட்டுப் பத்துப் பதினைந்து நாளில் முதல் பறிப்பு வந்துவிடும். வைக்கோலை ஒரு நாள் ஊறவைத்து, வடித்து, கட்டுக் கட்டாக அடுக்கி மூடி வை. வித்து வாங்கும்போது எப்போது தயாரித்தது என்று கேட்டு வாங்கு, பழசு என்றால் முளைக்காது.